அரத்தில் உடைந்தது, பட்டையில் நின்றது: 1,500 ரூபாய்க்குள் வீட்டில் செய்த ஒரு தோப்புக் கத்தி

பின்னணி

தென்காசிப் பக்கம், மலையடிவார ஊர் ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் 26 வயது இளைஞரைப் பற்றியது இந்தப் பதிவு. குடும்பத்துக்கு ஒரு சிறிய தென்னந்தோப்பு இருக்கிறது. வாரக் கடைசியில் நண்பர்களோடு தோப்பில் தங்கிச் சமைத்துச் சாப்பிடும் பழக்கமும் உண்டு. இடுப்பில் செருகிக்கொள்ளும்படி ஒரு கத்தி அவருக்குத் தேவைப்பட்டது. சொட்டுநீர்க் குழாயை நறுக்க, கயிறு அறுக்க, அடுப்புக்குச் சுள்ளி சீவ, காய் நறுக்க. தேங்காய் வெட்டவும் மட்டை கழிக்கவும் அரிவாள் இருக்கிறது. அந்த வேலை இந்தக் கத்திக்கு இல்லை.

கடையில் வாங்கிய மலிவு விலைக் கத்தி ஒன்று இரண்டே மாதத்தில் கைப்பிடி ஆடிப்போய் மூலையில் கிடந்தது. நல்ல கத்தி வாங்க மூவாயிரத்துக்கு மேல் ஆகும் என்று தெரிந்ததும், தானே செய்துவிடுவதென்று முடிவெடுத்தார். 2023 தைப் பொங்கல் கழிந்த வாரம் அது. செலவுக்கு அவர் வைத்துக்கொண்ட வரம்பு 1,500 ரூபாய். கிரைண்டிங் மிஷின், டிரில்லிங் மிஷின், பிளோயர், மல்டிமீட்டர் எல்லாம் தொழிலுக்காக ஏற்கெனவே கையில் இருந்தன. இவற்றையும் புதிதாக வாங்குவதானால் இந்தக் கணக்கு செல்லாது.

நான் ஐடிஐ ஒன்றில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவர் என் மாணவர் அல்ல, பக்கத்துத் தெருப் பிள்ளை. முதல் முயற்சியில் நான் பாதி அறிந்தும் பாதி அறியாமலும் இருந்தேன். இரண்டாவதில் கூடவே இருந்தேன்.

அளவைப் பற்றி முதலில் பேசியது

அவர் முதலில் காகிதத்தில் வரைந்து கொண்டுவந்தது பத்து அங்குல அலகுள்ள பெரிய கத்தி. அதை மறுத்தது நான்தான். காரணம் இரண்டு.

ஒன்று சட்டம். அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால், வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கென்று செய்யப்பட்டதாக இல்லாத பட்சத்தில், ஆயுத விதிகள் அதைக் கூர்முனை ஆயுதங்களின் பட்டியலில் சேர்க்கின்றன. விவசாயத்துக்குத்தான் என்று அவர் வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தை நடுரோட்டில் வாகனச் சோதனையில் நின்று செய்ய வேண்டிவரும். இரண்டாவது காரணம் தொழில் சார்ந்தது. வீட்டு உலையில் பத்து அங்குல இரும்பை ஒரே சீராகச் சூடாக்க முடியாது. நாலு அங்குலம் என்றால் முடியும்.

கடைசியில் அலகு 105 மில்லிமீட்டர் நீளம், 26 அகலம், 4 கனம் என்று முடிவாயிற்று. இரு பக்கமும் ஒரே ஒரு தட்டைச் சரிவு இறங்கி விளிம்பில் முடியும் வடிவம். ஸ்வீடனின் மோரா கத்திகளில் காணப்படுவது. அந்தச் சரிவையே கல்லில் படிய வைத்துத் தீட்டலாம் என்பதால் புதிதாகத் தீட்டக் கற்பவருக்கு இதைவிட எளிதான வடிவம் கிடையாது. அலகிலிருந்து கைப்பிடிக்குள் போகும் வால் இரும்பு கைப்பிடியின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும் என்பதிலும் இருவருக்கும் ஒத்த கருத்து.

முதல் முயற்சி: பழைய அரம்

இரும்புக்கடையில் எடைக்குப் போட்டிருந்த பழைய தட்டை அரம் ஒன்றை 50 ரூபாய்க்கு வாங்கினார். தேர்வு தவறில்லை. நல்ல அரத்தில் கார்பன் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கும், கூர் நிற்கும். சில மலிவு அரங்கள் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட சாதா இரும்பு, அவை ஆகாது. இவர் வாங்கியது அப்படிப்பட்டதல்ல என்பது பிறகு உடைத்துப் பார்த்தபோது உறுதியானது.

வாங்கிய கையோடு வாலில் துளை போடப் பார்த்திருக்கிறார். இரண்டு டிரில் பிட் முறிந்தது. அரம் கடினமாக இருக்கும்போது துளை விழாது என்று அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார். செந்தணலாகக் காய்ச்சி உமிச்சாம்பலுக்குள் புதைத்து, ராத்திரி முழுக்க ஆறவிடச் சொன்னேன். மறுநாள் இரும்பு இளகி, வேறொரு அரம் அதைச் சீராகத் தின்றது. அடுத்த இரண்டு வாரமும் மாலை நேரங்களில் வடிவம் எடுத்தார். கை வேலை சுத்தமாகவே இருந்தது.

இந்த இடத்தில் மூன்று காரியங்களை யாரையும் கேளாமல் செய்திருக்கிறார். அழகாக இருக்கிறதென்று அரத்தின் பல் வரிகளைத் தேய்த்தெடுக்காமல் அலகின் இரு முகத்திலும் விட்டுவிட்டார். விளிம்பை ஏறத்தாழ கூர் வரும் அளவுக்கே மெலிதாக்கிவிட்டார். மாசி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், நடுப்பகலில், மொட்டை மாடியில் செங்கல் கூட்டி, சிரட்டைக் கரி போட்டு, பிளோயரால் ஊதி, அலகைக் காய்ச்சித் தண்ணீர் வாளியில் முக்கினார்.

'டிக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் விளிம்பிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஒரு கீறல். இரண்டாவது கீறல் முனைக்கு அருகே.

"ஆசாரி அண்ணாச்சி தண்ணியிலதான சார் முக்குறாங்க? நானும் அதத்தான செஞ்சேன்" என்றார். அந்தக் கேள்வி நியாயமானது. சரியான பதில் சொல்லாவிட்டால் இரண்டாவது கத்தியும் உடையும்.

முறிவில் தெரிந்தவை

கீறிய அலகைத் துணி சுற்றி வைஸில் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு சுத்தியலால் ஒரு தட்டு தட்டச் சொன்னேன். அப்பளம் போல் முறிந்தது. முறிந்த முகம் சீனி தூவியது போல மணி மணியாக மின்னியது. அதே அரத்தில் நெருப்பே படாமல் மீந்த துண்டையும் உடைத்தோம். அதன் முகம் சாம்பல் நிறத்தில், பட்டுத்துணி போல நைசாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. உள்ளே மணிகள் பருத்துவிட்டன. மணி பருத்த இரும்புக்கு உறுதி கிடையாது.

ஏன் மீறிச் சூடேறியது? உச்சி வெயிலில் செந்தணலின் நிறம் கண்ணுக்கு மங்கித்தான் தெரியும். போதாதென்று நினைத்து மேலும் ஊதியிருக்கிறார். இரும்பு சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தத்தில் ஒட்டும் குணத்தை இழக்கும். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் பக்கத்தில் இருந்திருந்தால் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்கும்.

இதோடு மற்றவையும் சேர்ந்தன. பல் வரி ஒவ்வொன்றும் கீறல் தொடங்க ஒரு பள்ளம். மெல்லிய விளிம்பு முதுகைவிட வெகு வேகமாகக் குளிர்ந்து, ஒன்றையொன்று இழுக்கும். தண்ணீர் அந்த இழுப்பைக் கூட்டும். அரம் செய்யும் ஆலைகளும் உப்புநீரில்தான் முக்குகின்றன. ஆனால் அங்கே சூடு அளந்து வைக்கப்பட்டது. தண்ணீர் ஒன்றுதான் குற்றவாளி என்று எடுத்துக்கொண்டால் பாடம் தவறிப்போகும்.

அவர் சொன்ன ஆசாரி, அதாவது கொல்லர், விஷயம் வேறு. அவர் அரிவாள் அடிப்பது லாரிப் பட்டையில், அதாவது லாரியின் பாரம் தாங்கும் வில் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்). அதில் கார்பன் அரத்தில் இருப்பதில் பாதிதான். இரும்பும் கனம். அவர் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் காட்டி வெளியே எடுத்து, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்ப்பக்கம் ஓடிவரும்போது நிறம் மாறுவதைப் பார்த்து, சரியான நிறத்தில் மறுபடி முக்குகிறார். நிறம் ஓடும்போதே முறுக்குத் தளர்ந்து பதம் இறங்குகிறது, இரண்டாவது முக்கு அதை அந்த அளவிலேயே நிறுத்துகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டு முறை தண்ணீரில் விட்டதாக மட்டும் தெரியும். நாற்பது வருஷத்துக் கண் அது. தூரத்தில் நின்று பார்த்துப் பிடிக்க முடியாது.

என் பங்கையும் எழுத வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் காய்ச்சப் போகிறார் என்பது எனக்குத் தெரியும். சாம்பலில் ஆறவைக்கச் சொன்ன நான், காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்கும் தோய்ச்சலைப் பற்றி அவராகக் கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். ஒரு ஆசிரியன் அப்படி இருந்திருக்கக் கூடாது.

இரண்டாம் முயற்சிக்கு எடுத்த தீர்மானங்கள்

இன்னொரு அரம் வாங்கலாமா, இரும்பை மாற்றலாமா என்பது முதல் கேள்வி. கார்பன் குறைவான பட்டை இரும்பு, கற்பவர் செய்யும் சிறு பிழைகளைத் தாங்கும், எண்ணெயிலேயே கடினமாகும். எனவே பட்டைக்கு மாறினோம். ஆனால் இரும்புக்கடையில் கிடக்கும் கழித்த பட்டை வேண்டாம் என்றேன். வருஷக்கணக்கில் பாரம் சுமந்து வளைந்து நிமிர்ந்ததில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே இருக்கலாம். எல்லாம் முடித்துத் தோய்க்கும்போதுதான் அவை வெளியே வரும். லாரிக்குப் பட்டை கட்டும் ஒர்க்‌ஷாப்பில் புதுப் பட்டை நறுக்கி மீந்த துண்டு கேட்டு வாங்கினார். 80 ரூபாய். அது எஸ்யுபி 9 என்ற ஸ்பிரிங் எஃகு ரகம் என்று அங்கேயே சொன்னார்கள். இரும்பின் பெயர் தெரிந்தால் அதற்குரிய சூடும் தெரிந்துவிடும். இந்த முழு முயற்சியிலும் எடுத்த ஆகச் சிறந்த முடிவு இதுதான் என்பது என் எண்ணம்.

துண்டு 7 மில்லிமீட்டர் கனம். அதைக் கிரைண்டரில் தேய்த்தே 4-க்குக் கொண்டுவந்தால் டிஸ்க் செலவும் கரண்டும் நேரமும் வீண். கொல்லரிடம் போனோம். அவர் முதலில் பெயரும் என்ன காரியத்துக்கு என்பதும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். 2021-இல் அரிவாள் பட்டறைகள் வாங்குவோர் விவரத்தைப் பதிந்துவைக்க வேண்டுமென்று தமிழகக் காவல்துறை சொன்னதிலிருந்து அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. இளைஞருக்கு முகம் சுருங்கியது. எனக்கு அது சரியாகவே பட்டது.

வளைவை எடுத்து, 5 மில்லிமீட்டருக்குத் தட்டிக் கொடுத்து, 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். உடைந்த முதல் அலகைக் காட்டியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "வெயில்ல நின்னு நிறம் பாக்காதடே. பொழுது அடங்கட்டும்."

மீதி வேலை முதல் முறை போலத்தான். இந்த முறை விளிம்பை 0.8 மில்லிமீட்டர் கனம் விட்டு நிறுத்தினார், முகம் இரண்டையும் நீளவாக்கில் உப்புத்தாள் போட்டுக் கீறலில்லாமல் துடைத்தார், கைப்பிடித் துளைகளை முன்பே போட்டுக்கொண்டார்.

தோய்ச்சல் நாள்

மார்ச் மாதம், மாலை ஏழு மணி. மாடியை விட்டுவிட்டு வீட்டுக்குப் பின்னால் மண் தரையில் உலை. எண்ணெய்க்கு வடைக்கடையில் பொரித்து ஒதுக்கிய பாமாயில் மூன்று லிட்டர். அதைத் துணியில் வடிகட்டி, சலசலப்பு அடங்கும்வரை முந்தைய நாளே காய்ச்சி வைத்திருந்தோம். எண்ணெய்க்குள் ஈரம் இருந்தால் சிவந்த இரும்பு பட்டதும் அது ஆவியாகி வெடித்து எண்ணெயை வாரி இறைக்கும். பழைய இன்ஜின் ஆயில் சும்மா கிடைத்தும் வேண்டாம் என்றேன். அதன் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. எண்ணெய் இருந்தது உயரமான இரும்பு டப்பாவில். பக்கத்தில் அதற்குப் பொருந்தும் தட்டு மூடி, ஒரு வாளி மணல். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதால் தண்ணீர் வாளியைத் தூர வைத்தோம். இருவருக்கும் பருத்திச் சட்டை, தோல் கையுறை, கண்ணாடி, மூடிய செருப்பு.

முதலில் தோய்த்தது கத்தியை அல்ல. அதே பட்டையிலிருந்து இரண்டு அங்குலத் துண்டு ஒன்றை அறுத்து வைத்திருந்தோம். காந்தம் ஒட்டாத நிலை வந்ததும் இன்னும் ஒரு சாயல் வெளுக்கும்வரை காய்ச்சினோம். இந்த ரக இரும்புக்கு 830 முதல் 850 டிகிரி வேண்டும். எண்ணெயில் முக்கி, துடைத்து, அரம் போட்டுப் பார்த்தால் கண்ணாடி மேல் ஓடுவது போல வழுக்கியது. வைஸில் உடைத்தோம். சாம்பல் நிறம், நைஸ் மணி. அந்தத் துண்டின் முகத்தைப் பார்த்தபோதுதான் அந்த இளைஞர் மூச்சை நிம்மதியாக விட்டார்.

பிறகு கத்தி. கொல்லர் தட்டியதில் ஏற்பட்ட இழுப்பெல்லாம் தளரட்டும் என்று மூன்று முறை செந்தணலாக்கிக் காற்றிலேயே ஆறவிட்டோம், ஒவ்வொரு முறையும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து. நான்காவது முறை காந்தம் வைத்துப் பார்த்து, மூன்று நான்கு நிமிஷம் அதே சூட்டில் நிறுத்தினோம். எண்ணெயைக் காய்ந்த இரும்புத் துண்டு ஒன்றை விட்டுச் சுமார் 55 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தோம். வெதுவெதுப்பான எண்ணெய் ஆறிய எண்ணெயைவிடச் சீராகச் சூட்டை வாங்கும்.

முக்கும்போது ஒரு தடுமாற்றம். இடுக்கியைச் சற்று மேலாகப் பிடித்ததால் வால் பகுதி எண்ணெய்க்கு வெளியே நின்றது. மேல்மட்டத்தில் குப்பென்று தீப் பிடித்தது. அவர் பதறிக் கையை இழுக்காமல் அலகை இன்னும் கீழே இறக்கினார், தீ அடங்கவில்லை. பத்து எண்ணி அலகை எடுத்ததும் நான் மூடியைப் போட்டேன். அணைந்தது. யாருக்கும் காயமில்லை. மூடி எட்டும் தூரத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

பதம் இறக்குதல்

தோய்த்து எடுத்த அலகு கடினம்தான், ஆனால் கீழே போட்டால் உடையும். அந்த முறுக்கைத் தளர்த்தத்தான் பதம் இறக்குவது. அலகின் எண்ணெயைச் சோப்புப் போட்டுக் கழுவி, அக்கா கேக் செய்யும் ஓடிஜி அடுப்பில், மணல் பரப்பிய தட்டில் வைத்தோம். தேவை 200 டிகிரி. இங்கே அவருடைய தொழில் கைகொடுத்தது. மல்டிமீட்டரோடு வந்த வெப்பம் அளக்கும் கம்பியை மணலுக்குள் செருகினார். திருகு 200-இல் இருக்க, மீட்டர் 231 காட்டியது. திருகைக் குறைத்துச் சரி செய்தோம். அளக்காமல் விட்டிருந்தால் எதிர்பார்த்ததைவிட மென்மையான அலகுதான் கிடைத்திருக்கும், ஏன் என்றும் தெரிந்திருக்காது. இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். துடைத்த இடத்தில் இளம் வைக்கோல் நிறம் வந்திருந்தது.

இதற்குப் பிறகு ஒரு பிழை நடந்தது. விளிம்பை இறுதியாக மெலிதாக்கும்போது அவசரத்தில் கிரைண்டரில் மாட்டிய ஃப்ளாப் டிஸ்க்கை (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய தேய்ப்பு வட்டை) முனையில் சற்று நேரம் கூடுதலாக வைத்துவிட்டார். நகக்கண் அளவுக்கு நீலம் பூத்தது. நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரியை ஒட்டிச் சூடேறிக் கடினம் போய்விட்டது என்று அர்த்தம். மேலாகத் தேய்த்தால் நிறம்தான் போகும், கடினம் திரும்பாது. முனையை 2 மில்லிமீட்டர் குறைத்துத்தான் சரிக்கட்டினோம். மீதிச் சரிவை முழுக்கக் கையால், தண்ணீர் தொட்டு, கல்லிலும் உப்புத்தாளிலும் முடித்தார். மூன்று மாலை ஆனது.

கைப்பிடியும் உறையும்

கைப்பிடிக்குத் தோப்பு வேலியில் வெட்டிக் காயப்போட்டிருந்த பூவரசு. மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் எங்கள் பக்கம் பிடி போடும் மரங்களில் ஒன்று. இரண்டு பட்டையாக அறுத்து, அரால்டைட் தடவி, பித்தளைக் கம்பியில் இரண்டு ஆணி அடித்து, ஒரு நாள் முழுக்க இறுக்கி வைத்தார். பசை போடும் முன் இரும்பைத் தின்னர் தொட்டுத் துடைக்க வேண்டும். கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பசை பிடிக்காது. மேலே ஆளிவிதை எண்ணெய்.

உறைக்குத் தோல் வாங்கப் பணமில்லை. தண்ணீர்க் குழாய் வேலையில் மீந்த பிவிசி பைப் துண்டைக் கொதிநீரில் இளக்கி, அலகின் மேல் மடித்துப் பலகைக்கிடையே அழுத்தினார். நெருப்பில் நேரடியாகக் காட்டியிருந்தால் கருகி, மூச்சை அடைக்கும் அமிலப் புகை வந்திருக்கும். கொதிநீரில் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

செலவு

முதல் முயற்சி: அரம் 50, கரி 120, முறிந்த டிரில் பிட் 110, டிஸ்க் 160, ஆக 440 ரூபாய். இரண்டாவது: பட்டைத் துண்டு 80, கொல்லர் கூலி 250, கரி 120, எண்ணெய் 100, டிஸ்க் 140, உப்புத்தாள் 130, பித்தளைக் கம்பி 90, பசை 120, ஆக 1,030. மொத்தம் 1,470. வரம்புக்குள் வந்தது. சுமார் 35 மணி நேர உழைப்பை இதில் சேர்க்கவில்லை.

எட்டு மாதப் பயன்பாடு

ஏப்ரலில் வேலைக்கு வந்தது. முதல் சோதனை பித்தளைக் கம்பியின் மேல் விளிம்பை அழுத்திச் சாய்த்துப் பார்ப்பது: மெல்ல வளைந்து நேரானது, பொடியவில்லை. காய்ந்த விறகில் வைத்து முதுகில் கட்டையால் தட்டிப் பிளந்ததிலும் தாங்கியது. தென்னங்கயிறு அறுப்பதுதான் கூர்மையைச் சீக்கிரம் தின்கிறது; நாருக்குள் மணல் இருக்கிறது. வாரம் ஒரு முறை கல்லில் தீட்டுகிறார்.

ஜூலைச் சாரலில் ஒரு குறை வெளிப்பட்டது. பிவிசி உறை தண்ணீரை உள்ளேயே தேக்கி வைத்தது. நாலு நாள் கழித்து உருவினால் அலகின் ஒரு பக்கம் துருப் பிடித்திருந்தது. இது துருப்பிடிக்கா எஃகு அல்ல என்பதை அவர் மறந்துவிட்டார். உறையின் அடியில் ஒரு துளை போட்டு, மழைக்காலத்தில் தேங்காய் எண்ணெய் தடவி, உறைக்கு வெளியே வைக்கும் பழக்கம் வந்தபின் துரு வரவில்லை. எலுமிச்சையும் புளியும் நறுக்கியதில் அலகு கருஞ்சாம்பலாகியிருக்கிறது. அது அப்படியே இருக்கலாம்.

செப்டம்பரில் நண்பர்களோடு முண்டந்துறைப் பக்கம் போகும் திட்டம் வந்தது. கத்தியை எடுத்துப்போக ஆசைப்பட்டார். சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நாலு அங்குலக் கத்தி ஆயுதமா என்று சோதனைச் சாவடியில் வாதாடுவது நல்லதல்ல என்று பேசி, வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மறுபடி செய்தால்

சோதனைத் துண்டை உடைத்துப் பார்ப்பதை முதல் கத்தியிலேயே செய்வோம். அரத்தின் மீதித் துண்டே அதற்குப் போதும். இடுக்கியில் எவ்வளவு பிடிக்க வேண்டும், எண்ணெய்க்குள் எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை ஆறிய இரும்பை வைத்து இரண்டு மூன்று தடவை ஒத்திகை பார்ப்போம். எண்ணெய் டப்பா இன்னும் நாலு அங்குலம் ஆழமாக இருக்க வேண்டும். தோய்ச்சலுக்குப் பிறகு கிரைண்டரைத் தொடவே கூடாது. உறையில் வடிகால் துளை முதல் நாளே.

கொல்லரிடம் ஆரம்பத்திலேயே போயிருக்கலாம் என்று அவரே சொல்கிறார். இப்போது மாதம் ஒரு ஞாயிறு பட்டறையில் போய் உட்கார்ந்து, நிறம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வைக்கோல் நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்று வாய்விட்டு எண்ணிப் பார்த்ததில், இதுவரை நான்கு எண்ணுவதற்குள் தவறிவிடுகிறது என்றார்.